ஜுசியூ வளாகக் கல்நார் அகற்றம்

ஜுசியூ வளாகக் கல்நார் அகற்றம் என்பது பிரான்சின் தலைநகர் பாரிசில் உள்ள ஜுசியூ பல்கலைக்கழக வளாகத்தின் கட்டிடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரை நீக்குவதற்காக 1996 முதல் 2016 வரை நடைபெற்ற பெரும் பணியைக் குறிக்கும். ஒரு கட்டிடத்தில் கல்நாரைப் பூசுவது சில மாத வேலை. அதைப் பாதுகாப்பாக எடுப்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகலாம் என்பதற்கு இவ்வளாகம் சான்றாகக் காட்டப்படுகிறது. பிரான்சில் கல்நார் தடை செய்யப்பட்டதற்கும், கட்டிட உரிமையாளர்களின் பொறுப்புகள் சட்டமாக்கப்பட்டதற்கும் இவ்வளாகத்தில் பணியாற்றியவர்களின் போராட்டம் ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது.

கல்நாரின் தன்மை

கல்நார் மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். கல்லாக இருந்தும் பஞ்சுபோல நாராகப் பிரியக்கூடியது என்பதால் தமிழில் இப்பெயர் பெற்றது. வெள்ளை, நீலம், பழுப்பு ஆகிய மூன்று வகைகள் தொழில்துறையில் மிகுதியாகப் பயன்பட்டன. இது தீயில் எரியாது, வெப்பத்தையும் மின்சாரத்தையும் எளிதில் கடத்தாது, அமிலங்களை ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் கூரைத் தகடு, குழாய், கொதிகலன் உறை, தீத்தடுப்புத் துணி, வண்டிகளின் பிரேக் கட்டை எனப் பல பொருள்களில் அது சேர்ந்தது.

இதன் ஆபத்து நாரின் நுண்மையில் உள்ளது. உடையும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலந்து நெடுநேரம் மிதக்கின்றன. மூச்சுடன் நுரையீரலின் ஆழத்திற்குச் சென்றவற்றை உடலால் முழுவதும் வெளியேற்ற முடிவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் கல்நார் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் தோன்றும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை இதனால் உண்டாகின்றன. நாரைச் சுவாசித்த காலத்திற்கும் புற்றுநோய் வெளிப்படும் காலத்திற்கும் இடையே பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கும். இந்த நீண்ட இடைவெளியே பொறுப்பைத் தள்ளிப்போடுவதற்குப் பலருக்கும் வசதியாக இருந்தது.

முன்னரே கிடைத்த எச்சரிக்கைகள்

பிரான்சில் முதல் எச்சரிக்கை 1906ஆம் ஆண்டிலேயே வந்தது. நார்மண்டிப் பகுதியில் பணியாற்றிய தொழிலாளர் ஆய்வாளர் தெனி ஒரிபோ, கோந்தே-சுயர்-நுவாரோ என்ற ஊருக்கு அருகிலிருந்த கல்நார் நூற்பாலையில் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது தொழிலாளர்கள் இறந்ததைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் காற்றோட்டம் அங்கு இல்லாததைக் காரணமாகச் சுட்டினார். பிரித்தானியாவில் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவரும் 1930இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1931இல் கல்நார்த் தொழிற்சாலைகளுக்கான தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர்களிடம் மீசோதெலியோமா தோன்றுவதை வாக்னரும் அவருடைய குழுவினரும் 1960இல் வெளியிட்டனர். அந்நோயாளிகளுள் சுரங்கத்தில் வேலை செய்யாமல் அருகில் குடியிருந்தவர்களும் இருந்தனர். 1964இல் அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிக்காஃப் கட்டிட வெப்பக்காப்புத் தொழிலாளர்களிடம் காணப்பட்ட புற்றுநோயைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்.

ஜுசியூ வளாகம் கட்டப்பட்டது இந்த முடிவுகளெல்லாம் அச்சாகி வெளிவந்த பிறகுதான்.

வளாகம் எழுந்த விதம்

பாரிசின் ஐந்தாம் வட்டாரத்தில் முன்பு மதுச் சந்தை இருந்த நிலத்தில் அறிவியல் புலத்துக்காக இவ்வளாகம் எழுப்பப்பட்டது. 1960களின் நடுவில் தொடங்கிய கட்டுமானம் 1970களின் தொடக்கம் வரை நடந்தது. கட்டிடக் கலைஞர் எதுவார் ஆல்பேர் எஃகுச் சட்டகத்தால் ஆன நீண்ட கட்டிடங்களைக் குறுக்கும் நெடுக்குமாக, சல்லடைக் கம்பிகள் போல இணைத்து அமைத்தார். நடுவில் உயரமான கோபுரக் கட்டிடம் ஒன்று நிர்வாகத்துக்காக எழுந்தது. பின்னர் அது சமான்ஸ்கி கோபுரம் எனப் பெயர் பெற்றது. 1971 முதல் ஆறாம் பாரிசுப் பல்கலைக்கழகம், ஏழாம் பாரிசுப் பல்கலைக்கழகம், புவி இயற்பியல் நிறுவனம் ஆகிய மூன்றும் இவ்வளாகத்தைப் பகிர்ந்துகொண்டன.

எஃகுக்கு ஒரு குறை உண்டு. அது எரியாது, ஆனால் தீயின் வெப்பத்தில் வலுவிழந்து வளைந்துவிடும். அதைத் தடுக்க உத்திரங்களின் மீது கல்நாரைப் பசைப்பொருளுடன் கலந்து பீய்ச்சிப் பூசும் முறை அக்காலத்தில் பல நாடுகளிலும் வழக்கமாக இருந்தது. ஜுசியூவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. சிமெண்டுடன் கலந்து இறுகிய தகட்டில் நார்கள் ஓரளவு கட்டுண்டு கிடக்கும். பீய்ச்சிய பூச்சு அப்படிப்பட்டதன்று. விரலால் தேய்த்தாலே உதிரும். மேல்தளத்தில் நடக்கும் அதிர்வு, நீர்க்கசிவு, மின்கம்பி இழுக்கும் வேலை ஆகிய எல்லாமே அதை உதிர்க்கப் போதுமானவை.

முதல் போராட்டம்: 1974 முதல் 1980 வரை

1970களின் நடுவில் ஆய்வகங்களில் மேற்கூரையிலிருந்து உதிர்ந்து மேசைகளில் படிந்த தூசி கவனத்துக்கு வந்தது. அங்குப் பணியாற்றியவர்கள் வேதியியலாளர்களும் இயற்பியலாளர்களும் என்பதால் அத்தூசியைத் தாங்களே ஆராய்ந்து அது கல்நார் என்பதை உறுதிப்படுத்தினர். வேதியியலாளர் ஆன்ரி பெசெரா இம்முயற்சியில் முன்னின்றார். ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் ஆகியோரின் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக்குழுவை அமைத்தன.

அதே காலத்தில் கிளேர்மோன்-ஃபெரான் நகரில் அமிசோல் என்ற கல்நார் ஆலை 1974இல் மூடப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆலையைத் தங்கள் பிடியில் வைத்திருந்தனர். அவர்களும் ஜுசியூ அறிவியலாளர்களும் சந்தித்த பிறகு இப்பிரச்சினையின் முகமே மாறியது. ஆய்வகத்தார் தங்கள் தலைக்கு மேலிருந்த தூசியைப் பற்றிக் கவலைப்பட்டனர். ஆலைப் பெண்களோ ஆண்டுக்கணக்கில் அந்தத் தூசிக்குள்ளேயே வேலை செய்தவர்கள். கூட்டுக்குழு தான் திரட்டியவற்றை 1977இல் ஒரு நூலாக வெளியிட்டது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 1977இல் எல்லாவகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று தெரிவித்தது.

இதன் விளைவாக, 1977இல் குடியிருப்புக் கட்டிடங்களில் கல்நார் பீய்ச்சுவது பிரான்சில் தடை செய்யப்பட்டது. 1978இல் அத்தடை மற்றக் கட்டிடங்களுக்கும் விரிந்தது. தொழிற்சாலைக் காற்றில் நார்களின் அளவுக்கு உச்ச வரம்பும் வந்தது. ஆனால் இச்சட்டங்கள் புதிதாகப் பூசுவதையே தடுத்தன. முன்பே பூசப்பட்டிருந்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. ஜுசியூவில் சில பகுதிகள் மட்டும் மூடிப் பூசப்பட்டன. பெரும்பகுதி அப்படியே விடப்பட்டது.

அடங்கிப்போன ஆண்டுகள்

1982இல் நிலையான கல்நார்க் குழு என்ற பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகள், அமைச்சக அலுவலர்கள், மருத்துவர்கள், சில தொழிற்சங்கத்தினர் ஆகியோர் அதில் அமர்ந்தனர். கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தினால் கல்நார் கேடு செய்யாது என்பதே அதன் நிலைப்பாடு. சட்டப்படி அதற்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஆயினும் 1995 வரை பிரான்சின் கல்நார்க் கொள்கை பெரும்பாலும் அதன் கருத்தையே ஒட்டி நடந்தது. பிரெஞ்சு மேலவையின் 2005ஆம் ஆண்டு அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது.

1994இல் இந்த அமைதி கலைந்தது. வோஜ் மாவட்டத்தின் ஜெரார்மே நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் கல்நார் தொடர்பான நோயால் இறந்திருந்தனர். அவர்களுடைய மனைவியர் நீதிமன்றம் சென்றனர். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணியிருந்த பொதுமக்கள் வகுப்பறையில் பாடம் நடத்தியவருக்கும் அது வரும் என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். அதே ஆண்டில் ஜுசியூவில் கல்நார் எதிர்ப்புக் குழு புதிதாக உருவாயிற்று. கணிதவியலாளர் மிஷேல் பாரிகோ அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1996இல் நாடு தழுவிய பாதிக்கப்பட்டோர் சங்கமும் அமைந்தது.

1996: திருப்புமுனை

1996 பிப்ரவரியில் வந்த அரசாணை கட்டிட உரிமையாளர்கள்மீது முதன்முறையாக நேரடிப் பொறுப்பைச் சுமத்தியது. தங்கள் கட்டிடத்தில் பீய்ச்சிய கல்நார் உள்ளதா என்று அவர்கள் தேட வேண்டும். இருந்தால் அதன் நிலையை மதிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் காற்றை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் 5 நார்கள் வரை இருந்தால் குறித்த கால இடைவெளியில் சோதனை. 25 நார்களுக்கு மேல் இருந்தால் அகற்றவோ மூடவோ பணி தொடங்க வேண்டும் என்பது விதி.

இந்த எண்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். லிட்டருக்கு 5 நார் என்றால் அது நாளொன்றுக்கு 50,000 நார்கள் ஆகும். பல ஆண்டுகள் அதே அறையில் அமர்ந்திருப்பவருக்கு இக்கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம் தன் அறிக்கையை வெளியிட்டது. 1996ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 1,950 பேர் கல்நாரால் ஏற்பட்ட புற்றுநோய்களால் இறப்பர் என்று அது மதிப்பிட்டது. உடனடியாக அரசு கல்நாருக்கு முழுத் தடை வரும் என்று அறிவித்தது. 1997 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 1996 ஜூலை 14 அன்று, தேசிய நாள் நேர்காணலில், குடியரசுத் தலைவர் ஷாக் சிராக் அவ்வாண்டு முடிவதற்குள் ஜுசியூவில் மாணவர் ஒருவரும் இருக்கமாட்டார் என்று கூறினார். அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை.

தடையை எதிர்த்து, கல்நார் ஏற்றுமதி நாடான கனடா 1998இல் உலக வணிக அமைப்பிடம் முறையிட்டது. 2001 மார்ச்சில் அவ்வமைப்பின் மேல்முறையீட்டுக் குழு பிரான்சின் பக்கம் தீர்ப்பளித்தது. மக்களின் உடல்நலத்தைக் காக்க ஒரு நாடு வணிகத்தைத் தடுக்கலாம் என்பதை நிலைநாட்டிய வழக்காக இது கருதப்படுகிறது. கனடாவும் பின்னர் 2018இல் கல்நாரைத் தடை செய்தது.

அகற்றும் முறை

கல்நார் அகற்றத்தின் முதல் விதி, இருந்த நாரைவிட அதிக நாரைக் காற்றில் கலக்கவிடக் கூடாது என்பதாகும். அவசரமாகவோ அறியாமையாலோ சுரண்டியெடுத்தால், அசையாமல் கிடந்த பூச்சு நிறைய ஆண்டுகளில் உதிர்த்திருக்கக்கூடிய தூசி ஒரே நாளில் வெளிப்படும். ஆகவே பூச்சை எடுக்கத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளே இப்பணியின் பெரும்பகுதி.

முதலில் குறிப்பிட்ட பகுதி காலி செய்யப்படும். மின்சாரமும் காற்றோட்டக் குழாய்களும் துண்டிக்கப்படும். சுவர், தரை, கதவு, சன்னல் ஆகியவற்றின் மீது பிளாஸ்டிக் படலம் இரு அடுக்காக ஒட்டப்பட்டு அவ்விடம் முழுவதும் ஒரு மூடிய பெட்டிபோல ஆக்கப்படும். நுண்ணிய வடிகட்டி பொருத்திய விசிறிகள் உள்ளிருக்கும் காற்றை வடிகட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து, எங்கேனும் கிழிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமேயொழிய, உள்காற்று வெளியே போகாது.

தொழிலாளர்கள் ஒருமுறை மட்டும் பயன்படும் முழு உடையும், வெளியிலிருந்து குழாய்வழியே தூய காற்று வரும் முகமூடியும் அணிவர். பூச்சு நன்கு நனைக்கப்பட்டபின் சுரண்டப்படும். ஈர நார் எளிதில் பறக்காது. விழுந்தது அங்கேயே பைகளில் அடைக்கப்படும். வெளியே வரும் வழியில் வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும். முகமூடியைக் கழற்றாமலேயே முதல் குளியல், பின் உடை களைதல், பின் இரண்டாவது குளியல் என்ற வரிசை தவறக் கூடாது. ஒருநாள் சோம்பலில் இவ்வரிசையை மாற்றினால் நார் தொழிலாளியின் தலைமுடியோடு வீட்டுக்குச் சென்றுவிடும். கல்நார்த் தொழிலாளர்களின் வேலை உடையை வீட்டில் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்த வரலாறு பல நாடுகளில் உண்டு.

பணி முடிந்ததும் மூலைமுடுக்கெல்லாம் கண்ணால் சோதிக்கப்படும். பிறகு காற்று அளக்கப்படும். அளவு விதிக்குள் இருந்தால்தான் படலம் பிரிக்கப்படும். இவ்வளவுக்கும் பின்னர் எஃகு வெறுமையாக நிற்கும். அதற்குக் கல்நார் இல்லாத வேறொரு தீத்தடுப்புப் பூச்சு தர வேண்டும். இல்லையேல் ஓர் ஆபத்தை நீக்கி இன்னோர் ஆபத்தை வரவழைத்ததாகிவிடும்.

இப்பணியில் குறுகிய கால ஒப்பந்தத் தொழிலாளர்களையும் தற்காலிகத் தொழிலாளர்களையும் அமர்த்துவதைப் பிரெஞ்சு விதிகள் தடுத்தன. சில மாதம் வேலை செய்துவிட்டுப் போகிறவரை முப்பது ஆண்டுகள் கழித்து எவரும் தேடிப்பிடிக்க மாட்டார்கள் என்பதால் இத்தடை பொருளுள்ளது.

கழிவின் முடிவு

அகற்றிய கல்நாரை எரித்து அழிக்க முடியாது. எரியாது என்பதற்காகத்தானே அதைப் பூசினார்கள். மண்ணில் மக்கவும் செய்யாது. எனவே கழிவுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, இரட்டைப் பைகளில் முத்திரையிட்டு, எச்சரிக்கைக் குறியுடன், அபாயக் கழிவுகளுக்கென அமைந்த நிலக்கிடங்கில் புதைப்பது. மற்றொன்று, மிக உயர்ந்த வெப்பத்தில் உருக்கிக் கண்ணாடி போன்ற கட்டியாக்குவது. பிரான்சின் தென்மேற்கில் லாந்த் மாவட்டத்திலுள்ள மோர்சான்ஸில் பிளாஸ்மா சுடரால் இவ்வாறு உருக்கும் ஆலை இயங்கியது. உருகியபின் நார் அமைப்பு முற்றிலும் அழிந்துவிடுவதால் எஞ்சும் கட்டியைச் சாலைப் பணிக்கும் பயன்படுத்தலாம். ஆனால் இது செலவு மிக்கது. ஆகவே பெரும்பாலான கழிவு புதைக்கப்படுகிறது. ஒவ்வொரு பைக்கும் அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றுக்கொண்டவர் ஆகியோர் கையொப்பமிடும் தொடர்ச்சீட்டு உண்டு. வழியில் எங்கும் கொட்டிவிட்டுப் போக முடியாதபடி செய்வதே அதன் நோக்கம்.

காலமும் செலவும்

1997இல் இப்பணிக்கெனத் தனி அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் வளாகத்தை ஒரேயடியாக மூட முடியவில்லை. ஒரு பகுதியைக் காலி செய்து, அங்கிருந்தவர்களுக்கு வேறிடம் பார்த்து, அதைச் சுத்தம் செய்து சீரமைத்து, பின் அடுத்ததற்குச் செல்லும் முறையே பின்பற்றப்பட்டது. மாற்றிடங்களுக்கான வாடகையும் கட்டுமானமும் செலவில் பெரும்பங்கு ஆயின. ஏழாம் பாரிசுப் பல்கலைக்கழகம் 2007 அளவில் நகரின் வேறொரு பகுதிக்கே குடிபெயர்ந்தது. சமான்ஸ்கி கோபுரம் 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. வளாகச் சீரமைப்பு முழுவதும் 2016இல் நிறைவுற்றது. பிரான்சின் கணக்குத் தணிக்கை மன்றம் 2011இல் அளித்த அறிக்கையில் மொத்தச் செலவு 180 கோடி யூரோவைத் தாண்டும் என்று மதிப்பிட்டது. முதலில் சொல்லப்பட்டதைப் போல அது பல மடங்கு.

வளாகத்தில் பணியாற்றியவர்களுள் கல்நார் தொடர்பான தொழில்நோய் உள்ளவர்கள் என ஏற்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைக் கடந்தது. கூரையிலும் குழாய்களிலும் வேலை செய்த பராமரிப்புப் பணியாளர்கள் அவர்களுள் முக்கியமானோர். 2004இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் தொழிலாளர்களைக் காக்கத் தவறியதற்காக அரசைப் பொறுப்பாளியாக்கியது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு நிதியும் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆனால் ஜுசியூ தொடர்பாக 1996இல் தொடங்கிய குற்றவியல் வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டும் எவரையும் தண்டனை வரை கொண்டு செல்லவில்லை. இழப்பீடு கிடைத்தது, ஆனால் தனிமனிதர் எவரும் பதில் சொல்ல நேரவில்லை என்பதே குடும்பத்தாரின் குறையாக நின்றது.

இந்தியத் தொடர்பு: கிளெமான்சோ கப்பல்

ஜுசியூவில் இத்தனை கவனத்துடன் கல்நார் எடுக்கப்பட்டுவந்த அதே காலத்தில், பிரெஞ்சுக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் கிளெமான்சோ உடைக்கப்படுவதற்காகக் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு அனுப்பப்பட்டது. 2005 டிசம்பர் 31 அன்று அது தூலோன் துறைமுகத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது. ஒரு பகுதிக் கல்நார் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. மிச்சம் எவ்வளவு என்பதில் அரசின் கணக்கும் மற்றவர்களின் கணக்கும் பெரிதும் மாறுபட்டன. பாரிசில் மூடிய பெட்டிக்குள் முகமூடியுடன் செய்த அதே வேலையை, அலாங்கில் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் கடற்கரை மணலில் செய்ய வேண்டியிருந்திருக்கும். கல்நார் எதிர்ப்பு அமைப்புகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இரு நாடுகளிலும் வழக்காடின. இந்திய உச்ச நீதிமன்றமும் இதை விசாரித்தது. 2006 பிப்ரவரி 15 அன்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் கப்பலின் பயணத்தை நிறுத்திவைத்தது. அன்றே சிராக் கப்பலைத் திரும்பி வரச் சொன்னார். இறுதியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் 2009 முதல் அது உடைக்கப்பட்டது.

இன்றைய நிலை

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 முதல் கல்நார் தடை செய்யப்பட்டுள்ளது. பிரான்சில் தொழிலாளிக்கான உச்ச வரம்பு 2015இல் லிட்டருக்கு 100 நார்களிலிருந்து 10 நார்களாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் கல்நார்க் கழிவை இறக்குமதி செய்யத் தடை உண்டு. வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து தகடு தயாரிக்கத் தடையில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்து, மருத்துவப் பதிவேடுகளை நாற்பது ஆண்டுகள் காக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் வீடு, மாட்டுக்கொட்டகை, சத்துணவுக்கூடம் எனப் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்றும் கூரையாக உள்ளது. சிமெண்டில் இறுகியிருக்கும்வரை அதன் ஆபத்து குறைவு. பழைய கூரையைப் பிரிக்கும்போது கடப்பாரையால் உடைப்பதும், ரம்பத்தால் உலர்வாக அறுப்பதும், உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவதும்தான் நாரை விடுவிக்கின்றன. நனைத்து, திருகாணியைக் கழற்றி, தகட்டை உடையாமல் முழுதாக இறக்கி, உறையிட்டு அபாயக் கழிவாக ஒப்படைப்பதே பாதுகாப்பான முறை.

ஜுசியூவில் அறிவியலாளர்கள் தூசியை அடையாளம் கண்டதற்கும், கடைசிக் கட்டிடம் திறக்கப்பட்டதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. மீசோதெலியோமா வெளிப்பட எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறத்தாழ அதுவே.